சிவாஜிநகர் மாதா கோயிலைக் கட்டியது யார்? காவேரிப்பட்டணம் அக்கா கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. முதலில் அப்படியே படித்துவிடுகிறேன்.

"தம்பி, நாங்கள் வருஷா வருஷம் செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகிறோம். என் அம்மா காலத்திலிருந்து போகிறோம். என் பையன் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். அது வெள்ளைக்காரன் அவனுக்காகக் கட்டிக்கொண்டது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இந்த வருஷம் வர மாட்டேன் என்கிறான். அது உண்மையா? அந்தக் கட்டடம் ஏன் ஊசி ஊசியாக இருக்கிறது? அதையும் பேராலயம் என்கிறார்கள், தர்மபுரியில் இருப்பதையும் பேராலயம் என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்."

அக்கா, பையன் கேட்டதில் தப்பு இல்லை. அந்தக் கோயிலை வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 160 அடி உயரக் கோபுரம், கூரான வளைவுகள், வண்ணக் கண்ணாடி. ஆனால் அந்தக் கதை பெங்களூரில் ஆரம்பிக்கவில்லை, பிரான்ஸிலும் ஆரம்பிக்கவில்லை. செஞ்சியில் ஆரம்பிக்கிறது. செஞ்சி என்றால் நம் செஞ்சிக்கோட்டை இருக்கிறதே, அதே செஞ்சி.

அந்த ஆலயத்தின் மரபு வரலாறு என்ன சொல்கிறது என்றால், 17-ம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில புறப்பட்டுப் போய் இப்போது சிவாஜிநகர் இருக்கிற இடத்தில் குடியேறினார்கள், நெல் போட்டார்கள், ஓலைக் கூரை போட்டு ஒரு சின்னக் கோயில் வைத்துக்கொண்டார்கள், அதற்குக் காணிக்கை மாதா கோயில் என்று பேர் வைத்தார்கள். இவ்வளவுதான் ஆரம்பம். சுவர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத ஒரு குடிசை.

இப்போது நான் சொல்லப்போவது நான் யோசித்துப் பார்த்தது. செஞ்சியிலிருந்து ஒருவர் பெங்களூருக்கு மூட்டை முடிச்சோடு போகவேண்டும் என்றால் எந்த வழியாகப் போவார்? இன்றைக்கு நீங்கள் செஞ்சியில் பஸ் ஏறினால் திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி, அப்புறம் ஓசூர் வழியாகப் பெங்களூரு. இது இன்றைக்கு நேற்று வந்த வழி இல்லை. செங்கம் கணவாய்தான் கீழ்நாட்டையும், பாரமகால் என்று அந்தக் காலத்தில் சொன்ன நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தையும் சேர்த்த பழைய வாசல். ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயரின் கும்பினிப் படையும் 1767-ல் மோதிக்கொண்டது அந்தச் செங்கத்தில்தான். படை போன வழியில்தான் மாட்டுவண்டியும் போகும். அதனால் அந்தக் குடும்பங்கள் நம் ஊத்தங்கரை ரோட்டில், நம் கிருஷ்ணகிரி மலைக்கடியில் எங்கேயோ ஒரு ராத்திரி தங்கி, சோறு பொங்கித் தின்றுவிட்டுத்தான் ஓசூர் மேட்டில் ஏறியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பையன் கேட்டானே, முதல் சம்பந்தம் இந்த ரோடு.

சரி, ஏன் கிளம்பினார்கள்? அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1638-ல் பெங்களூரு பீஜப்பூர் சுல்தானின் கைக்குப் போகிறது, சிவாஜியின் அப்பா ஷாஜிக்கு ஜாகீராகக் கொடுக்கிறார்கள். 1649-ல் செஞ்சி நாயக்கர் ஆட்சியும் விழுந்து செஞ்சியும் பீஜப்பூர் கைக்கே போகிறது. அதாவது இரண்டு ஊருக்கும் ஒரே மேலிடம். செஞ்சியில் அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை, 1677-ல் சிவாஜி பிடிக்கிறார், 1690 முதல் 1698 வரை முகலாயப் படை வந்து முற்றுகை போட்டு உட்கார்ந்திருக்கிறது. எட்டு வருஷம் ஒரு கோட்டையைச் சுற்றிப் படை உட்கார்ந்திருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பயிர் என்ன மிஞ்சும், மாடு என்ன மிஞ்சும்? பிழைக்கத் தெரிந்த குடியானவர்கள் மேட்டு நிலத்தைத் தேடிப் போகத்தான் செய்வார்கள். அந்தச் சிவாஜியின் பெயரைத்தான் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இன்றைக்குத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் வந்தது ரொம்பப் பிற்காலத்தில். அதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் பிளாக்பள்ளி என்று பேர். அது 'பிலி அக்கி பள்ளி' என்பதன் திரிபு என்று சொல்வார்கள். கன்னடத்தில் பிலி என்றால் வெள்ளை, அக்கி என்றால் அரிசி. ஓசூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. செஞ்சிக்காரர்கள் விளைவித்த வெள்ளை அரிசியால் வந்த பேர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். எனக்கு அரிசிக் கதைதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்பீர்கள். நம் பக்கம் ஆரம்பத்தில் வேலை செய்தவர்கள் சேசு சபைச் சாமியார்கள். 1773-ல் ரோமாபுரியிலேயே அந்தச் சபையைக் கலைத்துவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தைப் பாரீஸ் வேதபோதக சபைக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள், அவர்களுக்குத் தலைமையிடம் புதுச்சேரி. அதனால்தான் புதுச்சேரியிலிருந்து மைசூர் வரை எங்கே பார்த்தாலும் பிரெஞ்சுச் சாமியார்கள். அவர்களில் ஒருவர் அபே துபுவா. 1792-ல் இந்தியாவுக்கு வந்தார், நம் ஊர்க்காரர் மாதிரி உடை உடுத்தினார், மாமிசத்தை விட்டார், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகு மைசூர்ச் சீமைக்குப் போய்ச் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அம்மை குத்துவதற்கு ஜனங்கள் பயந்த காலத்தில் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பேருக்கு அம்மை குத்த வைத்தவர் அவர். 1823-ல் பிரான்ஸுக்குத் திரும்பிப் போனார், மறுபடி வரவேயில்லை. அவர்தான் 1800-களின் தொடக்கத்தில் அந்தக் காணிக்கை மாதா குடிசைக்கு வந்து பூசை வைத்து, அதை ஒரு முறையான சிற்றாலயமாக ஆக்கியவர். கவனியுங்கள், அவர் வரும்போதே அங்கே சனம் இருந்தது, மாதாவும் இருந்தாள்.

1809-ல் வெள்ளைக்காரர்கள் பட்டாளத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றி கண்டோன்மென்ட் போட்டார்கள். பட்டாளம் வந்தால் கூடவே சிப்பாய், சமையல்காரர், குதிரைக்காரர், தச்சர், கொத்தனார், காய்கறி வியாபாரி எல்லாரும் வருவார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை, வேலூர், ஆற்காடு, சேலம் பக்கத் தமிழர்கள். குடிசைக் கோயில் அதற்குள் போதாமல் போய்விட்டது. புதுச்சேரியிலிருந்து வந்த ஆந்திரேயாஸ் என்கிற நம் நாட்டுச் சாமியார் ஒருவர் அதைச் சிலுவை வடிவத்தில் பெரிதாக்கிக் கட்டினார். அந்த வேலை நடக்கும்போதே 1832-ல் ஊரில் ஒரு கலகம். கட்டிக்கொண்டிருந்த கோயிலை இடித்துவிட்டார்கள். அப்புறம் பட்டாளத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டு மறுபடி கட்டி முடித்தார்கள். இதை நான் யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பழைய காயத்தைக் கிளறுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இன்றைக்கு அந்தக் கோயிலைச் சுற்றி இருக்கிற சிவாஜிநகரில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள், திருவிழா அன்றைக்குத் தேர் போகிற தெருவில் கடை வைத்திருக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது நீங்கள் பார்க்கிற கட்டடத்துக்கு வருகிறேன். 1875-ல் ஆரம்பித்தது. கட்டியவர் கிளைனர் என்கிற பிரெஞ்சுச் சாமியார், பின்னால் மைசூர் ஆயர், அதாவது பிஷப், ஆனவர். 1882 செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் அன்றைக்கு ஆயர் கோவாது புனிதப்படுத்தி அர்ச்சித்தார். ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்துக்கு நடுவில் என்ன வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. நம் பாட்டிமார்கள் "தாது வருஷத்தில் பிறந்தவன் மாதிரி தின்கிறான்" என்று திட்டுவார்களே, அந்தத் தாது வருஷம். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. சேலம் ஜில்லாவும் மைசூர்ச் சீமையும் அந்தப் பஞ்சத்தில் ரொம்ப மோசமாக அடிபட்ட இடங்கள். ரோட்டோரத்தில் ஆட்கள் விழுந்து செத்த காலம். அந்தக் காலத்தில் சாரம் கட்டி மேலே மேலே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இதை முதன்முதலில் தேதி போட்டுப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. நான் எத்தனையோ தடவை அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை.

அதனால் பையனிடம் சொல்லுங்கள் அக்கா, பிளான் போட்டவர் பிரெஞ்சுக்காரர், அதில் சந்தேகமே இல்லை. வெள்ளைக்காரன் என்று அவன் சொல்வது ஆங்கிலேயரை என்றால் அது சரியில்லை. ஆங்கிலேயர்களில் பெரும்பாலானவர்கள் வேறு சபை, அவர்கள் கோயில்கள் வேறே இருக்கின்றன. இந்தக் கோயிலுக்கு வந்து முழங்கால் போட்டவர்கள் பிளாக்பள்ளித் தெருக்காரர்கள்.

அடுத்தது அந்த ஊசி ஊசியான வடிவம். இதற்குக் காத்திக் பாணி என்று பேர். பையன் சிவில் படிக்கிறான் என்றதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நம் ஊரில் கல் எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். கிருஷ்ணகிரி ஜில்லாவில் வயலுக்கு வேலி போட்டாலும் கல் பலகையை நட்டு வைக்கிறோம். கோயில் மண்டபத்தில் இரண்டு தூண் நட்டு மேலே ஒரு கல் உத்தரத்தைப் படுக்க வைப்போம். கல்லை மேலேயிருந்து அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் படுக்க வைத்த கல்லின் நடுவில் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும், கல்லுக்கு இழுப்பு ஆகாது, விரிசல் விட்டுவிடும். அதனால்தான் நம் மண்டபங்களில் எட்டடி பத்தடிக்கு ஒரு தூண் நிற்கிறது. அது குறை இல்லை, அந்தத் தூண்களில்தான் நம் சிற்பிகள் உலகத்தையே செதுக்கி வைத்தார்கள். ஆனால் நடுவில் தூண் இல்லாமல் ஆயிரம் பேர் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி ஒரு கூடம் வேண்டும் என்றால் உத்தரத்தால் முடியாது. வளைவு வேண்டும்.

இப்போது எல்லாரும் ஒரு நிமிஷம் இரண்டு கையையும் தூக்குங்கள். விரல் நுனிகளை மட்டும் ஒன்றோடொன்று முட்டி வையுங்கள், கூரை மாதிரி. முழங்கைகளை மேஜைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது அந்த விரல் நுனியை மேலேயிருந்து அமுக்கச் சொல்லுங்கள். என்ன ஆகிறது? முழங்கை இரண்டும் வெளிப்பக்கம் நழுவுகிறது. வளைவு என்றாலே இதுதான், பாரத்தைக் கீழேயும் தள்ளும், பக்கவாட்டிலும் தள்ளும். முழங்கைகளை அகலமாக வைத்துக் கூரையைத் தாழ்த்தினால் நழுவல் அதிகம். முழங்கைகளை நெருக்கி வைத்து நுனியைக் கூராக உயர்த்தினால் நழுவல் குறைகிறது, பாரம் நேராகக் கைவழியே இறங்குகிறது. கூரான வளைவின் சூட்சுமம் இவ்வளவுதான். அரைவட்ட வளைவைவிடக் கூரான வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும், அதனால் சுவரை மெல்லிசாக வைக்கலாம், உயரமாக எழுப்பலாம், பெரிய பெரிய ஜன்னல் திறக்கலாம். அப்படியும் கொஞ்சம் தள்ளுமே, அதற்கு என்ன செய்வது? பக்கத்தில் ஒருவர் உங்கள் முழங்கையைக் கையால் முட்டுக் கொடுத்துப் பிடித்தால் நழுவாது. காத்திக் கட்டடங்களின் வெளிச்சுவரில் இடைவெளி விட்டு விட்டுத் தடியாக நிற்கிற முட்டுச்சுவர்களின் வேலை அதுதான். அந்த முட்டுச்சுவர் உச்சியில் வைக்கிற சின்னச் சின்ன ஊசிக் கோபுரம்கூட வெறும் அலங்காரம் இல்லை, அதன் எடை முட்டுச்சுவரைக் கீழ்நோக்கி அமுக்கி நிலையாக நிற்க வைக்கும். பையனுடைய பாடப் புத்தகத்தில் இதெல்லாம் கணக்காக இருக்கும். ஐரோப்பாவில் 12-ம் நூற்றாண்டில் பாரீஸ் பக்கத்துக் கொத்தனார்கள் ஒன்றுசேர்த்து வளர்த்தெடுத்த வித்தை இது. அவர்களும் சாரம் கட்டி, கீழே சென்டரிங் மாதிரி மரச்சட்டம் வைத்து, அதன்மேல் கல் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கியபிறகுதான் சட்டத்தை எடுத்தார்கள். அந்தக் கடைசிக் கல் உட்காரும்வரை வளைவு தன் காலில் நிற்காது.

19-ம் நூற்றாண்டில் அந்தப் பாணி ஐரோப்பாவில் மறுபடி உயிர்பெற்றது, சாமியார்கள் அதைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள். இதில் ஒரு விஷயம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. நாம் காத்திக் என்றதும் நினைக்கிற கோயில்களை எல்லாம் வரிசையில் வைத்துப் பாருங்கள். சென்னை சாந்தோம் இப்போதைய கட்டடம் 1896. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற திரு இருதயக் கோயில் 1907. மைசூர் பிலோமினா கோயிலுக்கு அடிக்கல் நட்டதே 1933. சிவாஜிநகர் மாதா கோயில் 1882-லேயே முடிந்துவிட்டது. வெள்ளை அரிசி விளைந்த தெருவின் கோயில் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது.

உள்ளே போனால் தூண்களின் தலைப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். இலை இலையாகச் சுருண்டு விரிந்திருக்கும். அது காத்திக் பாணிக்கே உரியது இல்லை, கிரேக்க ரோமானியக் கட்டடங்களில் வருகிற கொரிந்தியத் தூணின் தலை. முள்ளிச்செடி மாதிரி ஒரு செடியின் இலையைப் பார்த்துச் செதுக்கியது. ஆக மேலே பாரீஸ் வளைவு, அதற்குக் கீழே கிரேக்க இலை, அதற்கும் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிற நம் பாட்டிமார்கள். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

வண்ணக் கண்ணாடியைப் பற்றி ஒரு தகவல் சொல்லியே ஆகவேண்டும். அது கண்ணாடிமேல் பெயின்ட் அடித்து உண்டாக்குகிற நிறம் இல்லை. கண்ணாடியைக் காய்ச்சும்போதே உலோக உப்புகளைச் சேர்த்துவிடுவார்கள், கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ. அப்புறம் துண்டு துண்டாக வெட்டி ஈயப் பட்டையால் கோத்துப் படமாக ஆக்குவார்கள். முகத்தின் கண், மூக்கு, துணியின் மடிப்பு இந்தக் கோடுகளை மட்டும் தீட்டிச் சுடுவார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது சிவாஜிநகர் கோயிலின் கண்ணாடிகளை எல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட சமயம் அது. பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வேறு இருந்தது, பயம் இருக்கத்தானே செய்யும். போர் முடிந்து 1947-ல்தான் அவற்றை மறுபடி பொருத்தினார்கள். சுதந்திரம் வந்த வருஷம் அந்தக் கோயிலுக்குள் நிறமும் திரும்பி வந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா கூட்டிக்கொண்டு போனார்கள். திருவிழா நாள் இல்லை, சாதாரண நாள். தரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு வெளிச்சத் திட்டு கிடந்தது. நான் அதில் கையை வைத்து, கை நீலமாக மாறுகிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் தட்டு, தட்டில் மடிப்புக் கலையாத புதுப் புடவை, அதன்மேல் ஒரு முழம் மல்லிகை. உதடு மட்டும் அசைகிறது, கண்ணில் தண்ணீர். என்ன வேண்டுதலோ. அந்தப் புடவை மாதாவுக்கு.

அக்காவுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கோயிலில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கிற மாதா சொரூபம் ஆறடி உயரம், மாதாவுக்குப் புடவை கட்டியிருப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் புடவை கொடுப்பார்கள். நம் வீட்டில் ஒரு பெரியவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது எப்படியோ அப்படி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள் ஜெபம், செப்டம்பர் 8 தேர். வேளாங்கண்ணியிலும் அதே தேதிகள்தான், அதே காவி உடை. நம் ஊர் நெடுஞ்சாலையில் ஆகஸ்ட் மாதம் பார்த்திருப்பீர்களே, பெங்களூரிலிருந்து கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வேளாங்கண்ணிக்குக் காவித் துணி கட்டிக்கொண்டு, மாதா படம் வைத்த சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து போகிறவர்களை. கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் அவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்கிறவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. செஞ்சிக்காரர்கள் போன ரோட்டில் எதிர்த்திசையில் நடக்கிறார்கள்.

சரி, கடைசிக் கேள்வி, பேராலயம். இங்கே குழப்பம் கோயிலில் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது. தமிழில் கதீட்ரலுக்கும் பேராலயம் என்கிறோம், பசிலிக்காவுக்கும் பேராலயம் என்கிறோம். இரண்டும் வேறு வேறு.

கதீட்ரல் என்றால் ஆயருடைய இருக்கை இருக்கிற கோயில். அந்த ஆயரின் பொறுப்பில் இருக்கிற பகுதிக்கு மறைமாவட்டம் என்று பேர், அதற்குத் தலைமைக் கோயில். கட்டடம் பெரிதாக இருக்கவேண்டும், பழசாக இருக்கவேண்டும் என்று ஒன்றும் கிடையாது. 1997 ஜனவரி 24-ல் சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரி மறைமாவட்டம் உண்டாக்கினார்கள், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஜில்லாவும் அதில் அடக்கம். தர்மபுரி திரு இருதய ஆண்டவர் கோயில் அதன் கதீட்ரல். நம் ஆயர் உட்காருகிற இடம், ஆகவே நம் தாய்க்கோயில் அதுதான்.

பசிலிக்கா என்பது திருத்தந்தை, அதாவது போப், கொடுக்கிற ஒரு சிறப்பு மரியாதை. பெரிய பசிலிக்கா நான்குதான், நான்கும் ரோமில். மற்றவை எல்லாம் சிறிய பசிலிக்கா, வேளாங்கண்ணி உட்பட. வேளாங்கண்ணிக்கு 1962-ல் கிடைத்தது. சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு 1973-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொடுத்தார், 1974 ஜனவரி 26-ல் விழா எடுத்து அறிவித்தார்கள். கர்நாடகத்தில் அந்த மரியாதை பெற்ற முதல் கோயில் இது. பசிலிக்கா என்பதற்கு அடையாளமாகச் சிவப்பும் மஞ்சளுமான பட்டுக்குடை ஒன்றும் சின்ன மணி ஒன்றும் வைக்கிறது வழக்கம்.

அப்படியானால் பெங்களூரின் கதீட்ரல் எது? இதைக் கேட்டால் நிறையப் பேர் சிவாஜிநகர் என்றுதான் சொல்வார்கள். இல்லை. கோல்ஸ் ரோட்டில் இருக்கிற புனித சவேரியார் கோயில்தான் கதீட்ரல். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிக் கட்டியது, வெள்ளை பூசாமல் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கும், கல் ஊர்க்காரர்களான நமக்குப் பார்த்ததும் பிடித்துப்போகும். பையனை அங்கேயும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டுக்கும் இடையில் தூரம் அதிகம் இல்லை. ஒன்று வளைவும் ஊசியுமாக இருக்கும், இன்னொன்று கல்லும் கனமுமாக இருக்கும், ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் நான் கையை வைத்துக் காட்டியதெல்லாம் அவனுக்கே புரிந்துவிடும்.

போகிற நாளைப் பற்றி மட்டும் ஒன்று. செப்டம்பர் 8 அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவன் கூட்டத்தைத்தான் பார்ப்பான், கட்டடத்தைப் பார்க்க முடியாது. திருவிழா முடிந்து ஒரு வாரநாளில், வெயில் சாய்கிற நேரத்துக்கு உள்ளே இருக்கிற மாதிரி போங்கள். சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்தில். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பூசை உண்டு, பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கவேண்டாம், முடிந்தபிறகு பாருங்கள். ஜன்னல் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தால் தரையில் அந்த நிறம் விழும்.